பேர் அழியறதுக்குள்ள

வருஷத்துல ஒரு நாள் உங்களுக்கு எங்க பக்கம் ஞாபகம் வரும். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு. உங்க காஞ்சிபுரத்துல இருந்து வரதர் பார்வேட்டைக்குக் கிளம்பி, பழையசீவரம் மலையேறி இறங்கி, பாலாத்தைத் தாண்டி திருமுக்கூடலுக்கு வருவார். சாலவாக்கத்துப் பெருமாள், காவாந்தண்டலத்துப் பெருமாள், பழையசீவரம் நரசிம்மர், திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசர்னு எல்லாரும் ஒண்ணா நின்னு சேவை சாதிப்பாங்க. நீங்களும் வேன் பிடிச்சு வருவீங்க. கரும்பு வாங்குவீங்க. ஆத்து மணல்ல உக்காந்து புளியோதரை சாப்பிடுவீங்க. மூணு ஆறு கூடற இடம், எவ்ளோ புண்ணியம்னு சொல்லி போட்டோ எடுத்துட்டு, பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடுவீங்க.

மிச்ச நாளெல்லாம் உங்க ஊர்ல இருந்து எங்களுக்கு என்ன வருதுன்னு யாராவது ஒருத்தர் கேட்டிருக்கீங்களா?

நான் திருமுக்கூடலுக்குக் கொஞ்சம் கீழ, பாலாத்துத் தென்கரையில, உத்திரமேரூர் தாலுகாவுல கழனி வெச்சுப் பொழைக்கறவ. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எழுதிப் பழக்கமில்ல. இத்தனை நாள் வாயைத் திறக்காமத்தான் இருந்தேன், பேசி என்ன ஆகப்போகுதுன்னு. இப்ப பேசாம இருந்தா நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு, அதனால எழுதறேன்.

வேகவதின்னு உங்க ஊர்ல ஒரு ஆறு இருக்கு. தாமல் பக்கமா கிளம்பி, காஞ்சிபுரத்தை ஒட்டிக்கிட்டே ஓடி, எங்ககிட்ட வந்து பாலாத்துல விழற ஆறு. பிரம்மாவோட யாகத்தை அழிக்க சரஸ்வதியே வேகவதியா மாறிப் பாய்ஞ்சு வந்தாளாம், பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்தாராம். திருவெஃகாவுல இன்னிக்கும் அந்தப் படுத்த கோலத்தைத்தான் நீங்க கும்பிடறீங்க. சாமியே வந்து படுத்துத் தடுக்க வேண்டியிருந்த ஆத்தை நீங்க எதை வெச்சு நிறுத்தினீங்க? ஆத்துக்குள்ளயே சுவர் எழுப்பினாங்க, பார்த்துக்கிட்டு இருந்தீங்க. சாக்கடையைத் திருப்பி விட்டாங்க, மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாலத்தைத் தாண்டினீங்க. சாயம் முக்கின தண்ணி ஒரு நாள் சிவப்பா, ஒரு நாள் நீலமா ஓடுச்சு, எந்த ஊர் கல்யாணத்துக்கு எந்தக் கலர்ல பட்டுன்னு அதைப் பார்த்தே சொல்லிடலாம். கல்யாண மண்டபத்து எச்சில் தட்டு, ஓட்டல் கவர், ஆஸ்பத்திரி ட்யூப், குழந்தைக்குக் கட்டின டயாபர் எல்லாம் அதுலதான். மஞ்சள்நீர் கால்வாய் வழியா ஊர்க் கழிவு நத்தப்பேட்டை ஏரிக்குப் போகுது. அந்த ஏரியை நம்பின விவசாயிங்க கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போய் கிடக்கறாங்க. வேகவதிக்குள்ள போறதுக்குக் கத்தக்கூட ஆள் இல்ல. அது பேசாம எங்ககிட்ட வந்து சேந்துடுது.

ஆறுன்னா உங்களுக்கு மேல ஓடற தண்ணி. எங்களுக்கு அப்படி இல்ல. பாலாத்துல வருஷத்துல முக்கால்வாசி நாள் தண்ணியைக் கண்ணால பார்க்க முடியாது. மணலுக்குள்ள இருக்கும். அதை ஊத்துன்னு சொல்லுவோம். ஊத்துல இருந்து வாய்க்கால் வெட்டித்தான் எங்க பாட்டன் காலத்துல இருந்து ரெண்டு போகம் நெல்லு எடுத்தோம். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது, மணல் தானா வடிகட்டிக் குடுத்த தண்ணி. எங்க அம்மா கொட்டாங்குச்சியால மணலைத் தோண்டுவா. முழங்கை ஆழம் போனதும் தண்ணி கசியும். முதல்ல வர்ற கலங்கலை இறைச்சுக் கொட்டிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, தெளிஞ்சதும் சொம்பை முக்குவா. அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் நாங்க வளர்ந்தோம். வெள்ளிக்கிழமைன்னா ஊத்துக்கு மஞ்சள் வெச்சுக் கும்பிடுவா.

இப்ப தோண்டுங்க. நானே மம்பட்டி தர்றேன்.

மேல ஒரு சாண் மணல்ல முழு கேரி பேக் சுருண்டு கிடக்கும். அதுக்குக் கீழ கிழிஞ்சது. 2015 வெள்ளம் கொண்டாந்தது ஒரு அடுக்கு, 2021 நவம்பர்ல பாலாறு கரை புரண்டு வந்துச்சே, அது கொண்டாந்தது ஒரு அடுக்கு. அந்த வெள்ளம் வடிஞ்சப்போ கரையில இருந்த வேலிகாத்தான் மரம் பூரா ஆள் உயரத்துக்குமேல கந்தல் தொங்குச்சு. தண்ணி எவ்ளோ உயரம் வந்துச்சுன்னு அளக்க வந்தவங்க அதைத்தான் பார்த்து அளந்தாங்க. அளந்தாங்க, எழுதிக்கிட்டாங்க, போயிட்டாங்க. கந்தல் அப்படியே தொங்குச்சு. வெயில்ல வெளுத்து, மொறமொறன்னு ஆகி, காத்துல உதிர ஆரம்பிச்சுது. மணலை இன்னும் கீழ தோண்டினா நகத்தளவு துண்டு வரும். இன்னும் கீழ அரிசி நொய் அளவு. அதுக்கும் கீழ மணல் எது, பிளாஸ்டிக் எதுன்னு எனக்குத் தெரியல. சொம்புல மணலைப் போட்டுத் தண்ணி ஊத்திக் கலக்கினா, மணல் அடியில தங்கிடும், அது மட்டும் மேல மிதக்கும். நீலம், பச்சை, வெள்ளின்னு. இந்த மணல்தான் எங்க தண்ணியை வடிகட்டுதுன்னு நாங்க நம்பினது.

அந்த மணலையும் விட்டு வெச்சீங்களா? ராத்திரியோட ராத்திரியா லாரியில அள்ளிப் போய் உங்க மாடி வீட்டுக்குப் பூசினீங்க. நல்ல மணலை எடுத்துக்கிட்டு எங்களுக்குக் குப்பை மணலை அனுப்பி வெச்சீங்க. அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது, விடறேன்.

என் செவலையைப் பத்திச் சொல்லணும். ஜெர்சி கலப்பு, நல்ல கறவை. காலையிலயும் சாயந்திரமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தின காசுலதான் என் பொண்ணு நர்சிங் படிச்சா. எட்டு மாசச் சினையா இருந்தப்போ திடீர்னு அசை போடறதை நிறுத்திடுச்சு. வயிறு உப்பிக்கிட்டே போச்சு. வெந்நீர், ஓமம், விளக்கெண்ணெய்னு எல்லாக் கைமருந்தும் பார்த்தேன். மாட்டு டாக்டர் வந்து கையை வெச்சு அமுக்கிப் பார்த்துட்டு, "வயித்துல கட்டி மாதிரி இருக்கும்மா, அறுக்கணும்"னார். அறுக்கறதுக்குள்ள அது கண்ணை மூடிடுச்சு. செத்த பிறகு கன்னையாவது எடுக்கலாமான்னு வயித்தைக் கிழிச்சாங்க. கன்னு உள்ளயே போயிருந்துச்சு. முதல் வயித்துல இருந்து டாக்டர் ரெண்டு கையாலயும் இழுத்தார், இழுத்தார், வந்துக்கிட்டே இருந்துச்சு. கயிறு திரிச்ச மாதிரி முறுக்கி முறுக்கி, வைக்கோலும் கவருமா கலந்து, இறுகிப் போய். அதுல ஒரு கவர் மட்டும் பிரிஞ்சு வந்துச்சு. ஏதோ ஒரு கோயில்ல குங்குமம் வெச்சுக் குடுத்த கவர். சாமி படம் அப்படியே இருந்துச்சு, கலர் கூட மங்கல.

மாட்டுப் பொங்கலுக்கு வந்த கூட்டம் விட்டுட்டுப் போனதா, ஆறு கொண்டாந்து ஒதுக்கினதா, எனக்கு எப்படித் தெரியும்? மாட்டுக்கு மாலை போட்டுக் கும்பிடற நாள்ல மாட்டு வயித்துக்குள்ள சாமி படத்தைப் போட்டு அனுப்பினது யாரு? அதைக் கையில வெச்சுக்கிட்டு நான் அழுததைப் பார்த்த என் அண்ணி, "சாமி படம், கால்ல படாம எடுத்து வை"ன்னா. இந்த ஜனங்களுக்குச் சாமி கால்ல படக் கூடாதுங்கறது தெரியுது. மாட்டு வயித்துல படக் கூடாதுங்கறது தெரியல.

இது ஆத்து வழியா வந்தது. ரோடு வழியா வந்தது வேற. ஒரு நகரத்துக் குப்பைக் கிடங்குல இருந்து உரம் தர்றோம்னு வந்தாங்க. எந்த ஊர்னு நான் சொல்லல. மக்கின உரம், இயற்கை உரம், மண்ணுக்கு உயிர் கொடுக்கும், இலவசம், லாரி வாடகை மட்டும் குடுங்கன்னாங்க. ரசாயன உரம் போட்டு மண்ணைக் கெடுக்காதீங்கன்னு எங்களுக்குப் பாடம் எடுத்த அதே வாய்தான். கறுப்பா, நல்லாத்தான் இருந்துச்சு பார்க்க. கழனி பூரா இறைச்சோம். முதல் மழை பேஞ்சு மண்ணு கழுவினதும் காலையில போய்ப் பார்க்கறேன், கழனி மினுமினுங்குது. ஷாம்பு பாக்கெட்டோட வெள்ளி ஓரம், பேனா மூடி, மாத்திரை அட்டை, பல்பு கண்ணாடி, ஷேவிங் பிளேடு. நடவு ஆளுங்க ரெண்டு பேருக்குக் கை கிழிஞ்சு, அடுத்த நாள்ல இருந்து என் கழனிக்கு வர மாட்டேன்னுட்டாங்க. யாரைக் குத்தம் சொல்றது? அந்த மண்ணை நான் எதை வெச்சு சலிப்பேன்? எங்க மாமனார் கோவணத்தோட நின்னு கரம்பு அடிச்சு உண்டாக்கின மண்ணு அது. நகரத்துக் குப்பைமேட்டை எங்க கழனியில பரப்பிட்டு, குப்பையைக் குறைச்சுட்டோம்னு கணக்கு எழுதிக்கிட்டாங்க. அப்படித்தானே?

மனு குடுக்கலையான்னு கேப்பீங்க. குடுத்தேன். விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மைக்ல நின்னு பேசினேன். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. ரசீது குடுத்தாங்க. தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளதுன்னு போனுக்கு வந்துச்சு. சம்பந்தப்பட்ட துறை எதுன்னு தேடிப் போனேன். ஆத்துத் தண்ணி எங்களுது, குப்பை எங்களுது இல்லன்னாங்க ஒரு ஆபீஸ்ல. குப்பை எங்களுது, ஆனா ஊர் எல்லை தாண்டிட்டா எங்களுது இல்லன்னாங்க இன்னொரு ஆபீஸ்ல. கம்பெனி விட்டாத்தான் நாங்க வருவோம், வீடு விட்டா வர மாட்டோம்னு ஒரு இடம். குப்பைக்கு எல்லை தெரியுமா? வேகவதிக்கு மாநகராட்சி எல்லை எங்க முடியுதுன்னு போர்டு வெச்சிருக்கீங்களா, பார்த்து நின்னுக்கட்டும்.

கிணத்துத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். உப்பு பார்க்கறேன், கடினம் பார்க்கறேன், நைட்ரேட் பார்க்கறேன்னார் அங்க இருந்த தம்பி. பிளாஸ்டிக் துணுக்கு இருக்கான்னு பாருப்பான்னேன். சிரிச்சார். பாவம், கேலியாச் சிரிக்கல. "அதுக்கு அளவே இல்லம்மா, நான் எதோட ஒப்பிட்டு எழுதறது?"ன்னார். அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த நாட்டுல குடிதண்ணிக்குன்னு ஒரு தர நிர்ணயம் இருக்கு, ஐ.எஸ். 10500. எதெது எவ்ளோ இருக்கலாம்னு அதுல வரிசையா இருக்கு. மைக்ரோபிளாஸ்டிக்குங்கற வரியே கிடையாது. வரி இல்லாததால அளவு இல்ல, அளவு இல்லாததால மீறல் இல்ல, மீறல் இல்லாததால குத்தவாளியும் இல்ல. எவ்ளோ சுலபம் பாருங்க.

ஆத்துக்கும் அதே கதைதான். 2018-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு பூரா கெட்டுப்போன ஆத்துப் பகுதின்னு 351 இடத்தைப் பட்டியல் போட்டுச்சு. தமிழ்நாட்டுல ஆறு இடம். காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. வேகவதி அதுல இல்ல. இல்லன்னா சுத்தமா இருக்குன்னு அர்த்தமா? போய்ப் பார்த்தாத்தானே பட்டியல்ல வரும்? செத்ததைப் பதிவு பண்ணாதவரைக்கும் ஆளு உயிரோட இருக்கான்னு ரேஷன் கார்டுல இருக்குமே, அந்தக் கணக்குதான்.

மைக்ரோபிளாஸ்டிக்குங்கற பேரை எனக்குச் சொன்னது என் பொண்ணுதான். அஞ்சு மில்லிமீட்டருக்குக் குறைஞ்ச துண்டுக்கெல்லாம் அந்தப் பேராம். இது மக்காதும்மா, வெறுமனே உடையும்னா. வெயில் பட்டா உடையுது, மணல்ல உரசினா உடையுது, எவ்ளோ உடைஞ்சாலும் அது அதுவாவே இருக்குது. கவர் மட்டும் இல்லையாம். நாம கட்டற பாலியெஸ்டர் புடவை, போடற நைட்டி, பசங்க டீசர்ட், துவைக்கத் துவைக்க நூல் நூலா உதிர்ந்து சாக்கடைக்குப் போகுதாம். வண்டி டயர் தேயுதே, அந்தத் தூள் மழையில கழுவிக்கிட்டு ஆத்துக்கு வருதாம். பட்டுக்குப் பேர்போன ஊர் நீங்க. உங்க ஆத்துல இப்ப ஓடறது பட்டு நூலா, பாலியெஸ்டர் நூலா?

அவ போன்ல படிச்சுப் படிச்சுச் சொல்லுவா. 2022-ல நெதர்லாந்துல 22 பேரோட ரத்தத்தை எடுத்துப் பார்த்ததுல 17 பேருக்கு ரத்தத்துல பிளாஸ்டிக் இருந்துச்சாம். 2024-ல இத்தாலியில கழுத்து ரத்தக் குழாய்ல அடைப்புக்கு ஆபரேஷன் பண்ணின 257 பேரோட அடைப்பைச் சோதிச்சிருக்காங்க, 150 பேருக்கு அந்த அடைப்புக்குள்ளயே பிளாஸ்டிக். இருந்தவங்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலா வந்திருக்கு. ஆத்துத் தண்ணி வேணாம், கேன் தண்ணி வாங்குங்கன்னு எங்களுக்கு எல்லாரும் புத்தி சொல்றாங்க. எங்க பாலாத்துத் தண்ணியை உறிஞ்சி எங்களுக்கே விக்கற தண்ணி. அதே வருஷம் அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க பாட்டில் தண்ணியைச் சோதிச்சப்போ ஒரு லிட்டர்ல சராசரியா 2,40,000 துணுக்கு. எங்க ஓடறது நாங்க? ஊத்துக்குப் போகவா, கேனுக்குப் போகவா?

எல்லாத்தையும் படிச்சுச் சொன்னவ ஒண்ணை மட்டும் சொல்லாம மறைச்சா. நானே ஒரு நாள் அவ போனைப் பார்த்தப்போ தெரிஞ்சுது. 2021-ல இத்தாலியில ஆறு தாய்மாருங்களோட நஞ்சுக்கொடியைப் பார்த்ததுல நாலுல பிளாஸ்டிக் துணுக்கு இருந்துச்சாம். என் பொண்ணு இப்ப வாயும் வயிறுமா இருக்கா. அஞ்சாம் மாசம். வளைகாப்புக்கு எந்தப் புடவை எடுக்கலாம்னு நாங்க பேசிக்கிட்டு இருந்த நேரத்துல அவ இதைத் தனியா உக்காந்து படிச்சிருக்கா. செவலை வயித்துல இருந்து இழுத்தது அவளுக்கும் கண்ணுல நிக்குது. அவ வாயைத் திறந்து கேக்கல. நான் கேக்கறேன். என் பேரப்புள்ளைக்கு நான் என்ன தண்ணி குடுக்கட்டும்?

அந்தத் திருமுக்கூடல் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. வீரராஜேந்திர சோழன் காலத்துது. அங்க ஒரு ஆஸ்பத்திரி நடந்துச்சு, 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை பண்ணறவர் ஒருத்தர், நோயாளியைப் பார்த்துக்கப் பெண்கள் ரெண்டு பேர், எந்தெந்த மருந்து இருப்பு இருக்கணும்ங்கறது வரைக்கும் வெட்டி வெச்சிருக்காங்க. நோயாளியைக் கொண்டுவந்து வைக்கறதுக்கு மூணு ஆத்துத் தண்ணி இருக்கற இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கான் ஒருத்தன், தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி. இன்னிக்கு அந்தத் தண்ணியில கால் நனைச்ச பசங்களுக்கு முழங்கால் வரைக்கும் அரிப்பு.

உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்க எல்லாருக்கும் தெரியும். குடவோலை. 2020 டிசம்பர்ல டெல்லியில புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமரே எங்க ஊர்ப் பேரைச் சொன்னார். கேட்டப்போ பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கல்வெட்டு முதல் பராந்தகன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. அதுல ஏரி வாரியம்னு தனியா ஒண்ணு இருக்கு. ஏரியைக் காபந்து பண்றதுக்குன்னே ஆள் தேர்ந்தெடுத்திருக்காங்க. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவன் மறுபடி நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. அந்தக் குடத்துக்குள்ள எங்க வீட்டு ஆளுங்க பேர் எழுதின ஓலை இருந்திருக்காதுங்கறதும் எனக்குத் தெரியும். வேதமும் படிச்சு, நிலமும் வெச்சிருந்தவங்களுக்கு மட்டும்தான் அந்த ஓலை. பொம்பளைங்க பேரும் கிடையாது. இருந்தாலும் கேக்கறேன். கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாதுங்கற அந்த ஒரு சட்டத்தை மட்டும் இன்னிக்கு வெச்சா, எங்க ஆத்துக்குக் கணக்குச் சொல்ல யார் மிஞ்சுவாங்க? கல்வெட்டைப் பார்க்க வர்ற பெரிய மனுஷங்க ஏரிக்கரை வரைக்கும் ஒரு எட்டு நடந்து வந்தா என்ன?

எங்க ஊர்க்காரங்க மட்டும் யோக்கியமான்னு யாரோ கேக்கறது காதுல விழுது. எங்க பொட்டிக்கடையிலயும் பாக்கெட் சரம் சரமா தொங்கத்தான் தொங்குது. எங்க தூய்மைக் காவலர் அக்கா தள்ளுவண்டியில குப்பையைச் சேர்த்துட்டு, கொட்ட இடமில்லாம ஊர்க்கோடியில எரிக்கத்தான் எரிக்கறா. அந்தப் புகையை அவதான் முழுங்கறா. ஒரு கிராமத்துக் குப்பையும் ஒரு நகரத்துக் குப்பையும் ஒரே தராசுல நிக்குமா? எங்க குப்பையும் எங்களுக்குத்தான் வருது, உங்க குப்பையும் எங்களுக்குத்தான் வருது.

பாலாத்துக்கு மேல் பக்கத்துல நடந்ததை நாங்க மறக்கல. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவு. வேலூர்க்காரங்க 1991-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. எனக்கு அப்ப கல்யாணம் கூட ஆகல. 1996-ல தீர்ப்பு வந்துச்சு. கெடுத்தவன்தான் பணம் கட்டணும்னு சொன்ன தீர்ப்பு, இந்தியா பூரா வக்கீலுங்க இன்னிக்கும் அதைத்தான் காட்டறாங்களாம். தோல் தொழிற்சாலை இருக்கற பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாவோ முழுசாவோ பாழாப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. அப்புறமும் நிக்கல. 2015 ஜனவரி 31-ம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டி உடைஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளிங்க 10 பேர் அந்தச் சேத்துலயே செத்தாங்க. 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லுச்சு: பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு குடு, கெடுத்தவன்கிட்ட வசூல் பண்ணு, கண்காணிக்கக் குழு போடு. மறுபடியும்! ஒரு தடவை சொன்னது போதாம. இடையில பொறந்த புள்ளைங்க பெரியவங்களாகி, கழனியை வித்துட்டு, ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறிட்டாங்க.

அவங்களுக்காவது கை நீட்டிக் காட்ட ஒரு கேட்டு இருந்துச்சு, ஒரு புகைபோக்கி இருந்துச்சு. உள்ள ஒரு முதலாளி இருந்தான். நாங்க யாரைக் காட்டறது? ஊரே குத்தவாளின்னா கோர்ட்ல யாரை நிறுத்துவாங்க? இப்படித்தான் நானும் ரொம்ப நாள் குழம்பிக்கிட்டு இருந்தேன். ஊரே குத்தவாளின்னு சொல்லிச் சொல்லியே எல்லாரும் தப்பிச்சுக்கறாங்கன்னு இப்ப புரியுது.

கழனியில பொறுக்கினதையும், கரையில பொறுக்கினதையும் ஒரு யூரியா சாக்குல போட்டு வெச்சிருக்கேன். ஒரு நாள் கொட்டி, என் பொண்ணை ஒவ்வொண்ணா எடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு கவர்லயும் கம்பெனிப் பேர் இருக்கு. தயாரிப்பாளர்னு போட்டு, பிளாட் நம்பர், தொழிற்பேட்டை, மாவட்டம், பின்கோடு. லைசென்ஸ் நம்பர் இருக்கு. எந்தத் தேதியில, எந்த பேட்ச்ல செஞ்சதுன்னு இருக்கு. புகார் தெரிவிக்கன்னு ஒரு போன் நம்பர் கூட இருக்கு. திருடன் திருடின வீட்டுல கூட இவ்ளோ விவரம் எழுதி வெச்சுட்டுப் போக மாட்டான். தயாரிக்கறவன்தான் அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பு, சேகரிக்கற ஏற்பாடு அவன்தான் பண்ணணும்னு 2016-லயே விதி வந்துடுச்சு, 2022-ல அதை இன்னும் இறுக்கினாங்க. தமிழ்நாட்டுல 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-ம் தேதியில இருந்தே தடை. மஞ்சப்பை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு எங்களுக்குச் சொன்னீங்க, நாங்களும் எடுத்துக்கிட்டுப் போறோம். மஞ்சப்பைக்குள்ள போட்டுக்கிட்டு வர்றது எல்லாமே பாக்கெட்தானே? விதி இருக்கு, தடை இருக்கு, பேர் இருக்கு, முகவரி இருக்கு. பிடிக்கறதுக்கு என்ன இல்ல?

ஒண்ணே ஒண்ணுதான் இல்ல. அவசரம். நீங்க தாமதம் பண்ற ஒவ்வொரு கோடைக்கும் அந்தக் கவர் உடையுது. மொதல்ல போன் நம்பர் போகும். அப்புறம் பின்கோடு. அப்புறம் கம்பெனிப் பேர்ல பாதி. நொய் அளவு ஆனதுக்கப்புறம் எந்த விஞ்ஞானி வந்தாலும் இது பிளாஸ்டிக்னுதான் சொல்ல முடியும், இது இன்னாரோடதுன்னு சொல்ல முடியாது. முப்பது வருஷம் கேஸ் நடந்தாலும் வேலூர்ல தோல் தொழிற்சாலை அங்கயேதான் இருந்துச்சு. எங்க கேஸை முப்பது வருஷம் இழுத்தா, குத்தவாளியோட பேரே உலகத்துல இருக்காது, அவன் போட்டது மட்டும் என் பேரப்புள்ளை உடம்புல இருக்கும். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கீங்களா? இதுவும் ஒரு திட்டமா?

என் சாக்கு திண்ணையில இருக்கு. வெயில் படாம கோணி போட்டு மூடி வெச்சிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் எழுத்தெல்லாம் நல்லாப் படிக்க முடியுது. இதை நான் எந்த ஆபீஸ்ல, எந்த மேஜையில கொண்டுவந்து கொட்டணும்? சம்பந்தப்பட்ட துறைன்னு சொல்லாம, கதவு நம்பரோட சொல்லுங்க. உத்திரமேரூர்ல இருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வர்றேன்.